பாம்புக்கு உயிரெலி போட்டு வீடியோ எடுப்பவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நாற்பது விநாடிதான். கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மலைப்பாம்பு. மூலையில் ஒரு வெள்ளை எலி, பின்னங்கால்களில் எழுந்து நின்று கண்ணாடியைப் பிராண்டிக்கொண்டே இருக்கிறது. "பிடி, பிடி, விடாதே" என்று தமிழில் ஒரு குரல், கூடவே இரண்டு மூன்று பேரின் சிரிப்பு. எடுத்த இடம் சிங்கப்பூர்தான். ஜன்னல் வழியே எதிர் புளோக்கில் துணி காயும் மூங்கில் கம்புகள் தெரிகின்றன. குழுவில் வரிசையாகச் சிரிப்பு முகங்கள். "இதுதான் இயற்கை" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

எனக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. எலி செத்ததே என்பதற்காக இல்லை. என் கையாலேயே பாம்புக்கு எலி கொடுத்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. முயல், ஹாம்ஸ்டர், கினிப்பன்றி, எலி என்று அனுமதிக்கப்பட்ட பிராணிகளின் பட்டியல் சின்னது, அதில் எந்தப் பாம்பும் இல்லை. நான் சொல்வது இங்கிலாந்தில் நடந்தது. மகள் லீட்ஸில் படித்தபோது ஆறு வாரம் அவளோடு தங்கியிருந்தேன். அவளிடம் ஒரு கார்ன் ஸ்னேக் இருந்தது. வட அமெரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத, செம்மஞ்சள் நிறப் பாம்பு. நாலடி நீளம். "சோளம்" என்று பெயர் வைத்திருந்தாள். பயிற்சிக்காக அவள் ஒரு வாரம் வெளியூர் போகவேண்டி வந்தது. "அம்மா, வியாழக்கிழமை சோளத்துக்குச் சாப்பாடு நாள். நீங்கதான் கொடுக்கணும்" என்றாள்.

உறையவைத்த எலிகள் தனியாக ஒரு குட்டி ஃப்ரீசரில் இருந்தன. குட்டி எலி, வளர்ந்த எலி என்று அளவு வாரியாகப் பைகள். பாம்பின் உடம்பில் பருத்த இடம் எவ்வளவோ, எலியும் ஏறக்குறைய அந்தப் பருமன்தான் இருக்கவேண்டும், மிஞ்சிப்போனால் ஒன்றரை மடங்கு. புதன் இரவே ஓர் எலியை ஜிப் பையில் போட்டு, அதற்கென்றே வைத்த மூடி டப்பாவில் அடைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். மறுநாள் சாயங்காலம் பையோடு கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் வைத்தேன். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது என்று மகள் நாலு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒரு பக்கம் வெந்துவிடும், மறு பக்கம் பனியாகவே இருக்கும், வயிறு வெடித்தாலும் வெடிக்கும். எலியின் வயிற்றை விரலால் மெல்ல அமுக்கிப் பார்க்கவேண்டும். நடுவில் நெல்லிக்கொட்டை போலக் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் உள்ளே இன்னும் பனி இருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தட்டுப்பட்டது. இன்னும் பத்து நிமிஷம் வெந்நீரில் விட்டேன்.

அந்த எலியைக் கையில் எடுத்தபோது மனசு கனத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. மனதுக்குள் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நீள இடுக்கியால் இடுப்பருகே பிடித்துத் தொட்டிக்குள் நீட்டினேன். சோளம் மரப்பட்டைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே எடுத்தது. நாக்கு வந்து வந்து போனது. நான் இடுக்கியைக் கொஞ்சம் அசைத்தேன். அடுத்த கணம் எலி என் பிடியில் இல்லை. செத்த எலிதான் என்றாலும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியது. பிறகு நிதானமாகத் தலையைத் தேடிப் பிடித்து, தலைப்பக்கமிருந்து விழுங்க ஆரம்பித்தது. கடைசியில் வால் மட்டும் வாயோரம் தொங்கி, அதுவும் போனது. அப்புறம் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவதுபோல் தாடைகளைச் சரிசெய்துகொண்டது. எல்லாம் சேர்த்து ஒரு கால் மணி நேரம். யாரும் அலறவில்லை, யாருக்கும் காயமில்லை. தின்றபின் இரண்டு நாளைக்கு அதைக் கையில் எடுக்கக் கூடாது, எடுத்தால் கக்கிவிடும் என்பதால் தொட்டியை மூடிவிட்டு விலகிவிட்டேன்.

"இதுதான் இயற்கை" என்று எழுதியவருக்கு வருகிறேன். நம் லோங்காங்கில், அதாவது மழைநீர்க் கால்வாயில் இருக்கிற மலைப்பாம்பு உயிரெலியைப் பிடிப்பது இயற்கை. அங்கே எலிக்கு ஓட வழி இருக்கிறது, பொந்து இருக்கிறது. பாம்புக்கும் பசியில்லை என்றால் விலகிப் போக இடமிருக்கிறது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் இரண்டுக்குமே வழியில்லை. அங்கே நடப்பது அத்தனையும் நாம் ஏற்பாடு செய்தது.

அந்த ஏற்பாட்டில் எலி மட்டும் மாட்டிக்கொள்வதில்லை. பாம்புக்குப் பசியில்லாத நாள் உண்டு. தோலுரிக்கப் போகும் நாட்களில் கண் நீலம் பூத்துப் பார்வை மங்கி, எதையும் தொடாமல் கிடக்கும். அந்த நேரத்தில் உயிரெலியை உள்ளே போட்டுவிட்டுத் தூங்கப் போனால், எலி சும்மா இருக்காது. அதன் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை, எதையாவது கொறித்தாக வேண்டும். பயமும் பசியும் சேர்ந்து பாம்பின் முதுகையே கடிக்கும். சதை பெயர்ந்து எலும்பு தெரியும் அளவுக்குக் கடிபட்ட பாம்புகளைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். பல பாம்புகள் திருப்பித் தாக்கக்கூடச் செய்யாமல் அப்படியே கிடக்கும்.

குழுவில் நான் இதைச் சொன்னதும் ஒன்றுவிட்ட அக்கா கேட்டார்: "அதுக்கு ஏன் எலி? கோழித்துண்டு போட்டா ஆகாதா? ஊர்ல புத்துக்குப் பாலும் முட்டையும்தானே வைப்போம்?" அக்கா அன்போடுதான் கேட்டார். ஆனால் பாம்பு முழு மாமிச உண்ணி. எலும்பு, ஈரல், தோல், குடல் என்று முழு எலியாக உள்ளே போனால்தான் அதற்குச் சுண்ணாம்புச்சத்தும் மற்றச் சத்துகளும் கிடைக்கும். வெறும் கோழிச்சதை போட்டால் நாளடைவில் எலும்பு கெட்டுப்போகும். பாலைச் செரிக்க அதற்கு வழியே கிடையாது. வித்தை காட்டுபவரின் கூடைப் பாம்பு பால் குடிக்கிறது என்றால், அதை நாட்கணக்கில் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டிருக்கிறார்கள் என்று பொருள். பக்தியில் ஊற்றுகிற பாலும் சிரித்துக்கொண்டு போடுகிற உயிரெலியும் ஒன்றல்ல, எனக்கும் தெரியும். ஆனால் இரண்டிலுமே பாம்புக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஊற்றுகிறவருக்கு மனசு குளிர்கிறது, போடுகிறவருக்கு உடம்பு சிலிர்க்கிறது. இதுதான் என் ஆதங்கம்.

உறையவைத்த எலி பாவமில்லாதது என்று நான் வாதாடவில்லை. அதுவும் ஓர் உயிர்தான். நல்ல பண்ணைகளில் கரியமில வாயு செலுத்தி நினைவிழக்கச் செய்து கொல்கிறார்கள். பிறந்த குட்டிகள் குறைந்த பிராணவாயுவைத் தாங்கக்கூடியவை, அவற்றுக்கு அதிக நேரம் எடுக்கும் என்பதும் உண்மை, அது என்னை உறுத்தவும் செய்கிறது. ஆனாலும் பாம்பை அடைத்து வைத்தவர் அதற்கு இரை கொடுத்தே ஆகவேண்டும். அந்த இரை பதறிப் பதறிச் சாக வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது.

உயிரெலிக்குப் பழகிய பாம்பு உறைந்ததைத் தொடாது என்பார்கள். சில தொடாதுதான். அதற்கும் பொறுமை வேண்டும். வீடியோவில் இருப்பது பால் பைத்தான் (ball python, பந்து மலைப்பாம்பு) என்கிற ஆப்பிரிக்க வகை. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் என்பதால் வந்த பெயர் அது. அதன் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும். எலியின் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் வெந்நீரில் காட்டி, இருட்டிய பிறகு இடுக்கியில் அசைத்துக் காட்டினால் பல பாம்புகள் பிடித்துவிடும். பிடிக்கவில்லையா, எடுத்து எறிந்துவிட்டு அடுத்த வாரம் பாருங்கள். இளகிய எலியைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்காதீர்கள். ஆரோக்கியமான பெரிய பாம்பு வாரக்கணக்கில் பட்டினி தாங்கும்.

வெளிநாட்டில் வளர்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. உறையவைப்பதால் சால்மொனெல்லா கிருமி செத்துவிடாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த எலிகள் வழியாகவே தொற்று பரவி சுகாதாரத் துறைகள் எச்சரித்திருக்கின்றன. சமையல் பாத்திரத்தில் இளக வைக்காதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இரட்டிப்பு கவனம் வேண்டும்.

இங்கே சட்டம் கடுமை என்று சில இளைஞர்கள் குறைப்படுகிறார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வளர்க்க முடியாமல் விடப்பட்டவையும் தப்பியவையுமாக பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலம் முழுக்கப் பெருகிவிட்டன. அவற்றைப் பிடிக்க 2017இல் நம் தமிழ்நாட்டு இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அழைத்துப் போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் கைத்திறமையை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அந்தத் திறமை தேவைப்பட்ட காரணத்தை நினைத்தால் வேதனை.

ஒளித்து வளர்ப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாம்புக்குக் காயம் என்றால் எங்கே தூக்கிக்கொண்டு போவார்?

அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தேன். முப்பத்தோராவது விநாடியில் பாம்பு திரும்பும்போது, நடுமுதுகில் ஐம்பது காசு அளவுக்குச் செதில் இல்லாத இடம் தெரிகிறது. ஓரம் கறுத்து, நடுவில் சிவப்பாக. குழுவில் பகிர்ந்த தம்பியிடம் தனியாகக் கேட்டேன். தன் நண்பனின் வீட்டில் எடுத்தது என்றான். "அந்தக் காயத்தை அவன் பார்த்தானா?" என்று அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்து நாலு நாளாகிறது.

தம்பி, உன் நண்பன் இதைப் படித்தால் இங்கே பிராணிகள் விஷயத்தைக் கவனிக்கும் தேசியப் பூங்காக் கழகத்தை (NParks) கூப்பிடச் சொல். தனியாகப் பேசப் பயமாக இருந்தால் பெரியம்மா கூட வருகிறேன். இந்த வாரத்திலேயே பேசவேண்டும். அந்தக் காயம் தானாக ஆறுகிற மாதிரித் தெரியவில்லை.