120 கொக்கிப் பூவும் பில்லிங் சாஃப்ட்வேரும்

ஆடிப் பண்டிகை லீவுக்கு சேலம் அம்மாபேட்டையில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் நசுங்கி வந்து திண்ணையில் சாய்ந்தவனை எழுப்பி, கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

"ஏங் கண்ணு, இதுல எது பில்லு, எது ஸ்டாக்கு? நீயே சொல்லு பாக்கலாம்."

எனக்கும் தெரியவில்லை. இரண்டு ஐகானும் ஒரே நிறுவனத்தின் சாஃப்ட்வேர். இரண்டும் நீலம், ஓரமெல்லாம் கரைந்து, மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி இருந்தன. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பெரியப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று தங்கை டெஸ்க்டாப் ஐகான்களைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். கீழே இருக்கிற பெயரை அவர் படிப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் அமுக்குவார். ஆள் நிற்கும்போது ஸ்டாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பில் எங்கே என்று தேடியிருக்கிறார், ஒரு தடவை இல்லை, பல தடவை.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். கண் நன்றாக இருக்கிறவன் சின்ன ஐகானே போதும் என்று வைத்துக்கொள்கிறான், அவனுக்கு எந்தக் கலங்கலும் தெரியாது. கண் மங்கி, பெரிதாக வேண்டும் என்று கேட்கிறவருக்குத்தான் கலங்கல் போய்ச் சேருகிறது. சாஃப்ட்வேரை எழுதிச் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் முதல் வகை.

விஷயம் இவ்வளவுதான். ஐகான் கோப்பு என்பது ஒரே படம் இல்லை. 16, 32, 48, 256 புள்ளி (பிக்சல்) என்று பல அளவுப் படங்களை அடுக்கி வைக்கிற டப்பா. திரைக்கு எந்த அளவு தேவையோ அதற்குப் பொருத்தமானதை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். 256 புள்ளி ஐகான் விண்டோஸ் விஸ்டா காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் இந்த சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலர் போட்டுவிட்டுப் போன ஷார்ட்கட் கைகாட்டுகிற ஐகான் கோப்பில் பார்த்தால் ஒரே ஒரு 32. டெஸ்க்டாப்பில் பெரிய ஐகான் என்றால் 96 புள்ளி. திரையை 150 சதவீதத்தில் வைத்திருந்தால் அதுவே 144. முப்பத்திரண்டை நூற்று நாற்பத்து நான்காக இழுத்தால் என்ன ஆகும்?

இதைப் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே வந்தார்: "அப்ப 120 கொக்கிக்குப் போட்ட பூவ 240 கொக்கியில இழுத்து ஓட்டுறானுங்க."

முப்பது வருஷம் ஜக்கார்டுக்கு, அதாவது கொக்கிகளால் நூலைத் தூக்கித் துணியில் பூ விழ வைக்கிற தறிக் கருவிக்கு, கட்டத்தாளில் டிசைன் வரைந்தவர். கட்டத்தாளில் ஒரு கட்டத்தை நிரப்பினால் அந்த இடத்தில் பாவு நூல் (நீளவாட்டு நூல்) தூக்கும், விட்டால் தூக்காது. சின்னப் பூவின் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாக்கினால் பூ பெரிதாகும், ஆனால் இதழின் வளைவு படிக்கட்டாகிவிடும். பெரிய பூ வேண்டுமென்றால் புதிதாகத்தான் வரைய வேண்டும். 1984-இல் வெளிவந்த ஆப்பிள் மேகின்டாஷ் கம்ப்யூட்டருக்கு ஐகான் வரைந்த சூசன் கேரும் கட்டத்தாள் நோட்டில் 32-க்கு 32 கட்டத்தை நிரப்பித்தான் ஆரம்பித்தார். அந்த அம்மாவும் பெரியப்பாவும் உட்கார்ந்து பேசியிருந்தால் மொழிபெயர்ப்பாளரே தேவைப்பட்டிருக்காது.

சரி, சரிசெய்த கதை. ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் போய், சேஞ்ச் ஐகான். முதலில் பார்க்க வேண்டியது அந்த சாஃப்ட்வேரை ஓட்டுகிற எக்ஸி (.exe) கோப்பையே. பல சமயம் நல்ல ஐகான் அதற்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும், இன்ஸ்டாலர் பக்கத்தில் கிடக்கிற பழைய ஐகோ (.ico, ஐகான்) கோப்பைக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கும். பில்லிங்குக்கு அப்படியே நடந்தது, ஒரு நிமிஷ வேலை. ஸ்டாக்குக்கு எக்ஸியிலும் 32 மட்டும்தான். அதை நானே கிம்ப் என்ற படம் வரையும் சாஃப்ட்வேரில் வரைந்தேன்: 256-க்கு ஒரு மடித்த வேட்டி, 48-க்குக் கொஞ்சம் குறைத்து, 16-க்கு வெறும் வெள்ளைக் கட்டமும் ஒரு கரையும். ஒவ்வொரு அளவையும் ஒரு லேயராக வைத்து ஐகோவாக எக்ஸ்போர்ட் செய்தால் எல்லாம் ஒரே கோப்பில் போய்விடும். அந்தக் கோப்பை டவுன்லோட்ஸில் போடாதீர்கள். யாராவது ஒருநாள் குப்பை கூட்டுவார்கள், ஐகான் வெள்ளைக் காகிதமாகிவிடும்.

மாற்றிய பிறகும் பழைய படமே தெரிந்தது. பதற வேண்டியதில்லை, விண்டோஸ் ஐகான்களைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே காட்டும். கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ததும் எனக்கு மாறியது. அதற்கும் மசியவில்லையென்றால் அப்படிச் சேமித்த ஐகான் கேஷ் (cache) கோப்புகளை அழிக்க வேண்டும், அவை தானாகவே மறுபடி உருவாகிவிடும். அப்புறம், அப்டேட் வரும்போது இன்ஸ்டாலர் தன் ஷார்ட்கட்டை மறுபடி எழுதிவிடலாம். அதனால் வேறு பெயரில் சொந்த ஷார்ட்கட் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

நிறுவனத்துக்கு போன் போட்டும் சொன்னேன். "ஃபங்ஷன்ல ஒண்ணும் பிரச்சனை இல்லையே சார்" என்றார் அந்தப் பக்கம். வருஷா வருஷம் புதுப்பிக்கப் பணம் வாங்குகிறார்கள். 256 புள்ளிப் படத்தைச் சுருக்காமல் வைத்தாலும் ஏறக்குறைய 256 கேபிதான், பிஎன்ஜி என்ற சுருக்கிய வடிவில் வைத்தால் அதைவிடக் குறையும். ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. வாடிக்கையாளர் தினமும் முதலில் தொடுகிற இடத்தையே பார்க்காதவர்கள், கணக்குக்குள்ளே என்ன பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. அநியாயமான சந்தேகமாகக்கூட இருக்கலாம். ஆனாலும் வருகிறது.

கடைசியில் பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மானிட்டருக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஸ்டாக்கு தெரியுது. ஆனா கரைய இன்னும் ரெண்டு கட்டம் அகலமாப் போட்டிருக்கணும், கண்ணு."

உட்கார்ந்து அகலமாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.