வெள்ளைச் சுவரும் 18 சதவீதமும்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு பெரிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். இருப்பதோ ஆச்சி ஒருவர். வீட்டுக்குப் பங்குக்காரர்கள் 11 பேர். சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று கிடக்கிறார்கள். சுவரில் பூச்சு வேலை இருக்கிறது, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுங்கள் என்று ஆச்சி கேட்டதற்கு, "படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. பீரோவில் மகன் எப்போதோ விட்டுவிட்டுப் போன டிஜிட்டல் கேமரா கிடந்தது. அதை ஓட்டிக் காட்ட, காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் தம்பி வந்திருக்கிறார். ஆச்சி எனக்குப் பெரியாத்தா முறை. நான் பட்டாலை என்கிற கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்த 11 பேரில் நானும் ஒருவன் என்பதால் பேப்பரைக் கீழே இறக்கவில்லை.

ஆச்சி: வா தம்பி. கேமராவுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்.

தம்பி: என்ன செய்தது, ஆச்சி?

ஆச்சி: பொத்தானை அமுக்கினேன். மூக்கை நீட்டியது. பாதியில் நின்றுவிட்டது. வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை. கோபித்துக்கொண்டு வாசலில் நிற்கிற சம்பந்தி மாதிரி நிற்கிறது.

தம்பி: பேட்டரி எங்கே வாங்கினீர்கள்?

ஆச்சி: வாங்குவானேன்? பட்டாலைக் கடிகாரத்தில் இருந்து கழற்றிப் போட்டேன்.

தம்பி: அதுதான் மணி பத்து பத்திலேயே நிற்கிறதா? சீக்கிரம் வந்துவிட்டேன் என்றல்லவா நினைத்தேன்!

ஆச்சி: நேற்று வரை ஓடிய கடிகாரம். பேட்டரியில் சத்து இல்லை என்று மட்டும் சொல்லாதே.

தம்பி: சத்து இருக்கிறது. கடிகாரம் பத்தியச் சாப்பாட்டுப் பெரியவர். ஒரு கரண்டிக் கஞ்சியில் ஒரு வருடம் ஓட்டிவிடும். கேமரா தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை. மூக்கை நீட்ட மோட்டார், பின்னால் திரை, அப்புறம் ஃபிளாஷ், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் இலை போட வேண்டும். சாதா பேட்டரியால் அவ்வளவு கரண்டை ஒரேயடியாகக் கொடுக்க முடியாது. வோல்டேஜ் படுத்துவிடும், கேமராவும் மயங்கிவிடும். ஆல்கலைன் என்று போட்டதை வாங்க வேண்டும், இல்லையென்றால் சார்ஜ் ஏற்றுகிற நிக்கல் பேட்டரி.

ஆச்சி: இந்த ஊரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டுவந்தார். 1953இல் திறந்தார்கள். பேட்டரியைப் பற்றி அங்கே ஆராய்ச்சியே நடக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை பார்.

தம்பி: பிள்ளையார்பட்டியும்தான் பக்கத்தில் இருக்கிறது. தினமுமா போகிறோம்?

(தம்பி பையில் இருந்து புதுப் பேட்டரி எடுத்துப் போட்டார். மூக்கு முழுதாக வெளியே வந்தது.)

ஆச்சி: வந்துவிட்டார் மாப்பிள்ளை.

தம்பி: வந்துவிட்டார், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். படம் சேமிக்கிற அட்டை பூட்டியிருக்கிறது என்கிறது.

ஆச்சி: பூட்டா? இரு, சாவிக்கொத்தை எடுத்து வருகிறேன்.

தம்பி: ஆச்சி, ஆச்சி! அந்தக் கொத்தில் மிகச் சின்னச் சாவியே இந்தக் கேமரா நீளம் இருக்கிறது. அட்டை தபால்தலை அளவுதான். இதோ, ஓரத்தில் ஒரு குட்டித் தாழ்ப்பாள். கீழே தள்ளியிருந்தால் புதுப் படம் எழுத விடாது. மேலே தள்ளினால் தீர்ந்தது.

ஆச்சி: நகத்தாலேயே திறந்துவிட்டாயே. இதற்கு எதற்குப் பூட்டு? சரி, மேலே என்னமோ 5 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

தம்பி: 5 மெகாபிக்சல். ஒரு படத்தில் 50 லட்சம் புள்ளி இருக்கும்.

ஆச்சி: (எழுந்தே விட்டார்) 50 லட்சம் புள்ளியா! நம் ஒன்பது கோயிலையும் சேர்த்துக் கூட்டினாலும் அவ்வளவு வராதே!

(வெளியூர்க்காரர்களுக்கு: நகரத்தாருக்குக் கோயில் ஒன்பது. அவர்கள் கணக்கில் கல்யாணம் ஆன ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளிவரி உண்டு.)

தம்பி: இது வேறு புள்ளி, ஆச்சி. வெளிச்சத்தை அளக்கிற புள்ளி.

ஆச்சி: வரி கொடுக்குமா?

தம்பி: கொடுக்காது.

ஆச்சி: அப்படியென்றால் வித்தியாசம் ஒன்றும் இல்லை. இந்த வீட்டிலும் 11 இருக்கிறது, ஒன்றும் கொடுக்கவில்லை.

(நான் பேப்பரில் பக்கம் திருப்பினேன்.)

ஆச்சி: முதலில் வளவை, இந்த உள்முற்றத்தை, எடுக்கிறேன்... ஐயோ, என்ன இது? முன்னால் இருக்கிற தூண் மட்டும் பேய் அறைந்த மாதிரி வெளுத்திருக்கிறது. பின்னால் இருட்டு. பாதி வீட்டைக் காணோம்!

தம்பி: ஃபிளாஷ் அடித்தது. இந்தக் குட்டி ஃபிளாஷின் வெளிச்சம் நாலைந்து எட்டு போவதற்குள் களைத்துவிடும். அது பிறந்தநாள் கேக் வெட்டுகிறவர்களுக்கு. உங்கள் வளவில் இரண்டு தூண் தாண்டாது. அதை அணைத்துவிட்டு எடுங்கள்.

ஆச்சி: அணைத்தாயிற்று. எடுத்தாயிற்று. இப்போது வீடே ஆடுகிறது.

தம்பி: வீடு ஆடவில்லை, கை ஆடியது. வெளிச்சம் குறைந்தால் கேமரா கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்கும். வெயிலில் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு போதும். இங்கே கால் நொடி வேண்டும். கால் நொடிக்கு எந்தக் கையும் அசையாமல் நிற்காது. ஸ்டாண்டு இருக்கிறதா?

ஆச்சி: உரல் இருக்கிறது.

தம்பி: உரலை விட நல்ல ஸ்டாண்டு கிடையாது. மேலே பலகை போட்டு வைப்போம். பொத்தானை அமுக்கும்போதும் ஆடும், அதனால் டைமர் போட்டிருக்கிறேன். அமுக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள், 10 நொடியில் அதுவே எடுத்துக்கொள்ளும்.

(ஆச்சி அமுக்கினார். முன்னால் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. ஏதோ கெட்டுவிட்டது என்று குனிந்து பார்த்தார். கிளிக்.)

தம்பி: மூக்குத்தி நன்றாக விழுந்திருக்கிறது, ஆச்சி.

ஆச்சி: விழாதா? எங்கள் ஆயா போட்டது. திரும்ப எடு.

(இரண்டாவது தடவை வளவு ஆடாமல் அசையாமல் விழுந்தது. ஆச்சிக்குத் திருப்தி. அடுத்ததாகப் பட்டாலைச் சுவர். கலவரம் தொடங்கியது அங்கேதான்.)

ஆச்சி: தம்பி, இது எந்த வீட்டுச் சுவர்?

தம்பி: இதே சுவர்தான்.

ஆச்சி: இந்தச் சுவரா? மாமனாருடைய அப்பச்சி ரங்கூனில் இருந்து வந்து கட்டிய வீடு. சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசியது. கையை வைத்தால் வழுக்கும், முகம் தெரியும். மூலையில் கொஞ்சம் விரிசல், அவ்வளவுதான். அதைப் போய் இந்தக் கேமரா சாம்பல் நிறத்தில் காட்டுகிறது! ஒரு முட்டைக்காவது மரியாதை வேண்டாமா?

தம்பி: கேமரா கெடவில்லை, ஆச்சி. அதற்கு இது வெள்ளைச் சுவர் என்று தெரியாது.

ஆச்சி: கண் இல்லையா?

தம்பி: கண் இருக்கிறது, அறிவு இல்லை. வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். எதைக் காட்டினாலும் சராசரியாக 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற நடுத்தரச் சாம்பல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும்.

ஆச்சி: 18 சதவீதமா? ஜிஎஸ்டியா?

தம்பி: ஜிஎஸ்டியிலாவது பொருளுக்குப் பொருள் விகிதம் மாறும். இதில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வெள்ளைச் சுவரைக் காட்டினால், 'ஏது, வெளிச்சம் மிதமிஞ்சி வருகிறதே' என்று தானாகக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகிவிடும்.

ஆச்சி: நம்ப மாட்டேன். இரு.

(உள்ளே போய் ஒரு தட்டு நிறைய வெள்ளைப் பணியாரத்தோடு வந்தார். பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, மேலே கோபுரமாக உளுந்து வைத்து ஆட்டிச் சுட்டது. அதைவிட வெள்ளை ஊரில் எதுவும் இல்லை என்பது ஆச்சியின் கட்சி. என்னுடையதும்தான்.)

ஆச்சி: இதை எடு, பார்ப்போம்.

தம்பி: கிட்டப் போய் எடுத்தால் கலங்கும். பூப் படம் போட்ட பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்க வேண்டும்.

ஆச்சி: அது பூ எடுப்பதற்கு இல்லையா?

தம்பி: கிட்டத்தில் இருக்கிற எதையும் எடுக்கலாம். இதோ.

ஆச்சி: அடப்பாவி! இதை அனுப்பினால் கேப்பைப் பணியாரம் என்பார்கள்!

தம்பி: இப்போது பாருங்கள். இந்தக் கூட்டல் கழித்தல் பொத்தானில் +1 வைக்கிறேன். 'நீ நினைப்பதைப்போல் இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கிக்கொள், நான் சொல்கிறேன்' என்று அர்த்தம்.

ஆச்சி: ...வெள்ளை!

தம்பி: சுவருக்கும் அதேதான். இப்போது அந்தப் பர்மா தேக்குக் கதவைப் பாருங்கள். எண்ணெய் பூசிப் பூசிக் கருகருவென்று இருக்கிறது. அதைத் தனியாக எடுத்தால் என்ன ஆகும்?

ஆச்சி: (யோசித்து) வெளிச்சம் போதவில்லை என்று அதுவே கூட்டிக்கொள்ளும். கதவு வெளுத்துச் சாம்பலாகும். அதற்குக் கழித்தல் வைக்க வேண்டும். வெள்ளைக்குக் கூட்டல், கறுப்புக்குக் கழித்தல்.

தம்பி: இதை எனக்கு எங்கள் முதலாளி சொல்லித்தர ஒரு மாதம் ஆனது!

ஆச்சி: வட்டிக்கடை வீட்டுப் பெண்ணுக்குக் கூட்டல் கழித்தலைச் சொல்லித்தர வேண்டுமா? இன்னொரு பணியாரம் எடுத்துக்கொள்.

(ஆச்சி சுவரைக் கூட்டலில் எடுத்தார், கதவைக் கழித்தலில் எடுத்தார். தம்பி பணியாரத்தை மிளகாய்த் துவையலில் எடுத்தார்.)

தம்பி: எல்லாம் அருமை, ஆச்சி. ஒன்றுதான் பாக்கி. படத்தின் மூலையில் தேதி 1-1-2005 என்று விழுகிறது. பேட்டரி இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்ததால் உள்ளே இருக்கிற கடிகாரம் தொடக்கத்துக்கே போய்விட்டது. இன்றைய தேதி வைத்துவிடுகிறேன். அப்படியே அந்தச் சாம்பல் சுவர்ப் படத்தையும் அழித்து...

ஆச்சி: கையை எடு.

தம்பி: அது தப்பான படம், ஆச்சி.

ஆச்சி: யாருக்குத் தப்பு? கவனமாகக் கேள். ஷூட்டிங்குக்கு வீடு பார்க்கிற மேனேஜர் ஒருவர் படம் கேட்டிருக்கிறார். அவருக்கு வெள்ளைச் சுவர். தேதி இன்றைக்கு. நாள் வாடகை பேச வேண்டும்.

தம்பி: சாம்பல் சுவர்?

ஆச்சி: அது பங்குக்காரர்களுக்கு. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் எவன் பணம் அனுப்புவான்? அந்த ஆடிப்போன வளவையும் சேர்த்து அனுப்பு. வீடு ஆட்டம் கண்டிருக்கிறது என்று அவர்களாகவே நினைத்துக்கொள்ளட்டும்.

தம்பி: அதில் 2005 என்று இருக்கிறதே?

ஆச்சி: இருக்கட்டும். 2005லேயே சுவர் இப்படிக் கறுத்துக் கிடந்தால் இப்போது எப்படி இருக்கும் என்று பயம் வரும் அல்லவா?

தம்பி: (குரலைத் தாழ்த்தி) ஆச்சி, அங்கே பேப்பர் படிக்கிறவர்...

ஆச்சி: (தாழ்த்தாமல்) அவன் சுவரை நேரிலேயே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அவனுக்குப் படம் வேண்டாம். நீ போகும்போது அந்தப் பழைய பேட்டரியைக் கடிகாரத்தில் போட்டு மணியைச் சரியாக வை. அவனுக்கு ரயிலுக்கு நேரமாகிறது. பங்கை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பட்டும்.