அணை உடைந்த பிறகு…

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை ஜெர்மனியின் அணைகளைக் குண்டு வீசி உடைத்த கதைதான் 1955-இல் வந்த 'தி டேம் பஸ்டர்ஸ்' படம். அதைப் பற்றி உங்கள் இதழில் எழுதிய கட்டுரையாளர், அதன் விமானக் காட்சிகளைக் கொண்டாடியிருக்கிறார். நியாயம்தான். தண்ணீருக்கு வெறும் 60 அடி உயரத்தில், இரவில், நான்கு என்ஜின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை ஓட்டுவது என்றால் சும்மாவா! இரண்டு விளக்குகளின் ஒளிவட்டங்கள் நீர்ப்பரப்பில் ஒன்றாகச் சேர்ந்தால் உயரம் சரி என்று கண்டுகொண்ட உத்தி இன்றும் சிலிர்க்க வைக்கிறது.

ஆனால் எனக்கு அந்தப் படத்தின் உயிர், அணையை உடைக்கும் குண்டை வடிவமைத்த பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸாக வரும் மைக்கேல் ரெட்கிரேவ். குளத்தில் எறிந்த ஓட்டுச்சில்லு போலக் குண்டும் தத்தித் தத்திப் போய் அணையை உடைக்கும் என்று அதிகாரிகளிடம் மன்றாடியவர், தாக்கப் போன விமானப்படையினரில் 56 பேர் திரும்பவில்லை என்றதும் இடிந்துபோகிறாரே, அதுதான் நடிப்பு. (அவர்களில் மூவர் உயிரோடு சிறைப்பட்டது பிறகு தெரிந்தது.)

கட்டுரை சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 1943 மே 17 அதிகாலை இந்தத் தாக்குதலில் ஜெர்மனியின் மோனே அணை உடைந்த வெள்ளத்தில், நெஹைம் ஊர் முகாமில் அடைபட்டிருந்த பல நூறு பேர் செத்தார்கள். பெரும்பாலோர் ஜெர்மானியர்கள் கட்டாய வேலைக்குப் பிடித்து வந்த சோவியத் பெண்கள். படத்திலும் அவர்கள் இல்லை. இப்போது எழுதும்போதாவது அவர்களுக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள் ஐயா.