மூன்றாவது பெயர்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு பையன் ஒப்புதல் பொத்தானை அழுத்தி, கோளாறான மென்பொருள் மாற்றம் ஒன்று வெளியே போன கூத்துக்குத் தீர்வு கண்டுபிடித்துவிட்டார்களாம். புரொடக்‌ஷன் அப்ரூவல் பட்டியலில், அதாவது பயனர்களுக்குப் போகும் மாற்றத்துக்கு ஒப்புதல் தருபவர்களின் பட்டியலில், மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்க்கப் போகிறார்கள். ஏற்கெனவே இருந்த இரண்டு பெயர்கள் என்ன கிழித்தன என்று கூட்டத்தில் கேட்டேன். "இப்ப அது முக்கியமில்லை" என்று பதில் வந்தது.

நாங்கள் கோடை (நிரலை) வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் அந்தப் பட்டியலில் ஆறு பேர் வரை போடலாம். யாராவது ஒருவர் அழுத்தினாலே டிப்ளாய்மென்ட், அதாவது புதிய கோடு சர்வர்களில் ஏறுவது, நகர்ந்துவிடும். மூன்று பேர் இருந்தால், மற்ற இரண்டு பேர் பார்த்திருப்பார்கள் என்று மூவரும் நினைப்பார்கள். அவ்வளவுதான் கிடைக்கப் போகும் பாதுகாப்பு.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது போனில் அறிவிப்பு வந்தது. மாற்றத்தின் அடையாளமாக ஒரு கமிட் எண், 'சின்ன மைக்ரேஷன்' (தரவுத்தள அமைப்பில் மாற்றம்) என்று ஒரு வரி, ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினேன். அந்தச் சின்ன மைக்ரேஷன் டேபிளில் இருந்த ஒரு ஃபீல்டைத் தூக்கிவிட்டது. பாதி சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்த பழைய கோடு அதைத் தேடித் தேடி விழுந்தது. ரோல்பேக் செய்தால், அதாவது பழைய வெர்ஷனுக்குப் போனால், கோடு திரும்பும், அழிந்த தரவு திரும்புமா? பேக்கப்பிலிருந்து எடுத்து முடிக்க விடிந்துவிட்டது. மறுநாள் பெரிய திரையில் என் பெயரும் அழுத்திய நேரமும். எழுதியவர், சோதித்தவர், அவசரப்படுத்தியவர் எல்லோரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொத்தான் எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"நைட் கேப்பிட்டல் கதை தெரியாதா?" என்று வருவீர்கள். தெரியும். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோடு ஏறவில்லை. அதில் செத்துக் கிடந்த பழைய கோடு எழுந்து, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் காலி. இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமே எழுதியது, ஒத்துக்கொள்கிறேன். அதே உத்தரவில்தான் இன்னொன்றும் இருக்கிறது: சந்தை திறக்கும் முன்பே 97 தானியங்கி மின்னஞ்சல்கள் பிழையைச் சொல்லிப் போயிருந்தன. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எட்டிலும் ஒரே வெர்ஷன்தானா என்று பைப்லைன் (கோடை ஏற்றும் தானியங்கி முறை) பார்த்து, இல்லையென்றால் நின்றிருந்தால் போதாதா? அதற்குப் பல்வலி வராது.

ஆடிட்டர்கள் கேட்பார்களே என்கிறீர்களா? எழுதியவரே தன் இஷ்டத்துக்கு ஏற்றக்கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. கோடு ரிவ்யூவை, அதாவது எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பதை, கட்டாயமாக்கினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். விடுங்கள்.

"அப்போ ஏற்றுவதற்கு முன் தடுப்பே வேண்டாமா?" வேண்டும் ஐயா. முதலில் ஐந்து சதவீதப் பயனர்களுக்கு மட்டும் விடுங்கள், பிழைகள் ஏறினால் தானாக நிற்கட்டும். மனிதர் பார்த்தே ஆகவேண்டுமென்றால், என்ன மாறுகிறது, திரும்பி வர வழி உண்டா என்று அவர் திரையில் காட்டுங்கள். இதைச் சொன்னால் நேரமில்லை என்கிறார்கள். மூன்றாவது பெயருக்கு மட்டும் ஒன்றரை மணி நேரக் கூட்டம்.

வெள்ளிக்கிழமை அழுத்திய பையன் சேர்ந்து எட்டு மாசம்கூட ஆகவில்லை. இன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. "கவனமாக இருந்திருக்கலாமே" என்று அவனிடம் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த ஸ்கிரீனைத் திறந்து பார்த்ததில்லை.

அந்த மூன்றாவது பெயராக நான் இருக்க முடியுமா என்று சாயங்காலம் மெயில் வந்தது. 'உங்களுக்கு அனுபவம் இருக்கிறதே' என்று ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.