அந்த ரப்பர் பேண்ட் போன் போட்டோ பத்தி

முந்தாநாள் நம்ம ஊர் குரூப்ல வந்த அந்த போட்டோவ பாக்காதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க. அத திரும்ப போட்டு இன்னொரு தடவ பரப்ப எனக்கு மனசில்ல. கோத்தகிரி பஜார்ல ரீசார்ஜ் கடை கவுண்டர்ல ஒரு அக்கா, கையில ரப்பர் பேண்ட் சுத்தின பட்டன் போன், கீழ "இன்னும் இப்படியும் இருக்காங்க"ன்னு ஒரு வரி, அதுக்கு வரிசையா சிரிப்பு பொம்மை. அதோட விட்ருந்தா கூட நான் கம்முனு போயிருப்பேன். "மாசம் முன்னூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்ண வக்கில்லாதவங்க எதுக்கு போன் வச்சுக்கணும்"னு ஒருத்தர் எழுதி, அதுக்கு நம்ம ஆளுங்களே கட்டைவிரல் தூக்கி வச்சிருந்தீங்க பாருங்க, அதுலதான் எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். போன் வாங்கும்போதும் பிளான் போடும்போதும் ரெண்டு கேள்வி போதும். உங்க வீட்டு அடுப்படியில நின்னா எந்த கம்பெனி டவர் எடுக்குது? அந்த போன வச்சு நீங்க என்ன பண்ண போறீங்க? இதுக்கு பதில் தெரிஞ்சா மிச்சத்த கடைக்காரர் உங்களுக்கு சொல்லித்தர வேண்டியதில்ல. இதுக்கு பதில் தெரியாம முப்பதாயிரத்துக்கு போன் வாங்கினாலும் கீழ்கோத்தகிரி பக்கம் போனா அது டார்ச் லைட்டுதான்.

சமவெளியில இருக்கறவங்களுக்கு இது புரியாது, ஏன்னா அங்க எந்த சிம் போட்டாலும் ஏதோ ஒரு டவர் எடுத்துடும். நம்ம மலையில டவர் இந்த சரிவுல இருக்கும், வீடு அந்த சரிவுல இருக்கும், நடுவுல ஒரு மேடு வந்தா முடிஞ்சுது. சாலை வளைவுல சில்வர் ஓக் மரத்தடியில நாலு கோடு காட்டும், பத்தடி கீழ இறங்கி லைன் வீட்டு (தோட்டத்து ஆளுங்க இருக்கற வரிசை வீடு) வாசலுக்கு வந்தா ஒண்ணும் இருக்காது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி குறைஞ்ச அலைவரிசை தூரம் போகும், சுவரு மரமெல்லாம் தாண்டி ஓரளவு உள்ள வரும். 5ஜிக்குன்னு பெருசா விளம்பரம் பண்ற 3500 மெகாஹெர்ட்ஸ் அவ்வளவு தூரம் போகாது. அதனால ஊட்டி டவுனுக்குள்ள சேரிங்கிராஸ்ல நின்னு ஸ்பீடு பாத்துட்டு "இந்த நெட்வொர்க் சூப்பர்"னு வந்து யாரும் எங்களுக்கு சொல்லாதீங்க, நாங்க சேரிங்கிராஸ்ல குடியிருக்கல.

நான் என்ன பண்ணுவேன்னா, பக்கத்து வீட்டுல, தோட்டத்துல வேலை செய்யறவங்ககிட்ட ஒவ்வொரு கம்பெனி சிம்மா ஒரு அரைமணி நேரம் கேட்டு வாங்கி நம்ம போன்ல போட்டு பாப்பேன். அடுப்படியில இருந்து ஒரு போன் கால், தேயிலைக் கொழுந்து பறிக்கிற காட்டுல இருந்து ஒண்ணு, பஸ் ஸ்டாப்ல இருந்து ஒண்ணு. முடிஞ்சா மழை நாள்ல பாக்கணும், கரண்ட் போய் மூணு நாலு மணி நேரம் கழிச்சும் பாக்கணும், ஏன்னா சில டவர்ல பேட்டரி தீர்ந்ததும் அதுவும் நம்மளோட சேர்ந்து படுத்துரும். கோடு எத்தனைன்னு பாத்து ஏமாறாதீங்க. ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ்ல சிம் ஸ்டேட்டஸ்னு ஒரு இடத்துல சிக்னல் எவ்வளவு பலம்னு மைனஸ் போட்டு ஒரு நம்பர் இருக்கும். மைனஸ் 90 பக்கம் இருந்தா நிம்மதியா பேசலாம், மைனஸ் 115 தாண்டினா "ஹலோ ஹலோ"தான். நம்பர் மாத்தாமலே கம்பெனி மாறலாம், அந்த வசதி நாடு முழுக்க 2011லேயே வந்தாச்சு. இங்கிலீஷ்ல PORTனு அடிச்சு, ஒரு இடம் விட்டு உங்க நம்பர போட்டு 1900க்கு மெசேஜ் அனுப்பினா, புது கம்பெனிக்கு குடுக்க வேண்டிய கோட் வரும். ஆனா இப்போ இருக்கற கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆகியிருக்கணும், பாக்கியும் இருக்கக்கூடாது.

மாறும்போது ஒண்ணு கவனிங்க. எங்க லைன்ல ஒரு அண்ணன் பிளான் கம்மின்னு வேற கம்பெனிக்கு மாறினார், மாறின அன்னைக்கே அவரோட பழைய பட்டன் போன் செத்துப்போச்சு. அது 2ஜி போன், புது சிம்மோ 4ஜி மட்டும் ஓடுற நெட்வொர்க். சிம் வித்த பையன் ஒரு வார்த்த சொல்லல. 4ஜி எடுக்கற பட்டன் போன் ஆயிரம் ரூபாய்ல இருந்தே கிடைக்குது, அத சேத்து கணக்கு போட்டுட்டு மாறியிருந்தா மனுசன் ஒரு வாரம் போன் இல்லாம அலைஞ்சிருக்க மாட்டார்.

இப்போ எங்க அம்மா கதைய சொல்றேன். எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு அப்பதான் தெரியும்.

அம்மா முப்பது வருசமா கொழுந்து பறிக்கறாங்க. விரல் நுனி எல்லாம் தேயிலைக் கறை ஏறி கருப்பா, வெடிப்பு வெடிப்பா இருக்கும். ரேஷன் கடை மெஷின்லயே கைரேகை ரெண்டு மூணு தடவ தொடச்சு தொடச்சு வச்சாதான் விழும். அந்த கையில ஒரு கடைக்காரர் டச் போன் வித்தார். "இப்ப எல்லாம் இதுதான்மா, பட்டன் போன் வர்றதே இல்ல"ன்னு சொல்லி தவணைல வித்தார். மழையில நனைஞ்ச விரல அது கண்டுக்கவே கண்டுக்காது. அப்பா கூப்பிட்டா எடுக்க தெரியாம இங்க அங்க தேய்ச்சு கட் பண்ணிருவாங்க. கூடவே ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி டேட்டா பிளான் வேற, 5ஜி அன்லிமிடெட் வேணும்னா அந்த பிளான்தான் போடணும்னு. எங்க லைன்ல 4ஜியே வாசல் படியிலதான் எடுக்கும். 5ஜிய வச்சு அம்மா என்ன பண்ணுவாங்க?

அத விட பெரிய கொடுமை, அந்த பிளான் 28 நாள்தான் ஓடும். அம்மாவுக்கு சம்பளம் 10ஆம் தேதி. சம்பளம் வாங்கினதும் ரீசார்ஜ் பண்ணுவாங்க, மாசம் ஒரு தடவைன்னு அவங்க கணக்கு. மார்ச் 10ல போட்டா ஏப்ரல் 6ஓட முடிஞ்சுரும். 7, 8, 9 மூணு நாள் போன் இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்படி ஒரு 8ஆம் தேதி ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. அம்மா எனக்கு போன் போட்டா "உங்கள் பிளான் முடிந்துவிட்டது, தயவுசெய்து ரீசார்ஜ் செய்யவும்"னு ஒரு பொண்ணு இனிமையா பேசுது. பதட்டத்துல என்ன பண்றதுன்னு தெரியாம டார்ச்ச எடுத்துட்டு மேல் லைனுக்கு ஓடியிருக்காங்க. நடுவழியில காட்டுமாடு நிக்குது. அது நகர்ற வரைக்கும் தேயிலைச் செடிக்குள்ள குத்த வச்சு உக்காந்திருந்தேன்னு அம்மா சொன்னப்போ எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிச்சு. மேல் லைன் தம்பி ஜீப்ப எடுத்துட்டு வந்ததால அப்பா இன்னைக்கு நல்லா இருக்கார். அந்த மூணு நாள யார் எங்களுக்கு திருப்பி தருவாங்க?

வருசத்துக்கு பன்னெண்டு மாசம், ரீசார்ஜ் மட்டும் பதிமூணு. 30 நாள் பிளான் ஒண்ணாவது கட்டாயம் இருக்கணும்னு, போன் கம்பெனிங்களுக்கு விதி போடற டிராய் 2022லேயே சொல்லியாச்சு. 2024 டிசம்பர்ல இன்னொண்ணும் சொன்னாங்க, டேட்டா வேண்டாம்னு சொல்றவங்களுக்கு பேசறதுக்கும் மெசேஜுக்கும் மட்டும் தனி பிளான் கொடுக்கணும், அதுக்கு 365 நாள் வரைக்கும் வேலிடிட்டி கொடுக்கலாம்னு. 2025 ஜனவரில கம்பெனிங்க கொண்டு வந்தாங்க. அப்போ ஒரு வருச பேச்சு பிளான் 1,850 ரூபாய்க்கு பக்கத்துல. 299 ரூபாய் பிளான பதிமூணு தடவ போட்டா 3,887. ரெண்டாயிரம் ரூபாய் வித்தியாசம், எங்க அம்மாவுக்கு அது நாலு நாள் கூலிக்கு மேல. விலை மாறிட்டே இருக்கும், நீங்க போடும்போது பாத்துக்கோங்க. ஆனா ஒரு கடையிலயும் இத அவங்களா எடுத்து சொல்ல மாட்டாங்க, ஆப்லயும் எங்கயோ அடியில கிடக்கும். கேட்டாதான் கிடைக்கும். அந்த போட்டோல இருக்கற அக்கா அன்னைக்கு அதத்தான் கேட்டுட்டு நின்னாங்க. டேட்டா இல்லாத பிளான். விவரம் தெரிஞ்சு கேட்ட ஒரு பொம்பளைய போட்டோ எடுத்து சிரிச்சிருக்கீங்க.

"வாட்ஸ்அப் இல்லாம எப்படி"ம்பீங்க. தேவைப்பட்டவங்க வச்சுக்கட்டும். "பேங்க் ஓடிபி"ம்பீங்க. அது மெசேஜ்ல வரும், டேட்டா தேவையில்ல.

"பிள்ளைங்க படிப்புக்கு ஸ்மார்ட் போன் வேணுமே"ன்னு கேட்டா அதுக்கு நான் தல குனிஞ்சு ஒத்துக்கறேன். 2020 லாக்டவுன்ல எங்க அக்கா பையன் கொழுந்து நிறுக்கற ஷெட்டு மேல ஏறி உக்காந்துதான் கிளாஸ் கேட்டான், அங்கதான் சிக்னல். பிளாஸ்டிக் கவர போன் மேல போத்திக்கிட்டு மழையில உக்காந்திருப்பான். வீட்டுல ஒரு ஸ்மார்ட் போன் இருக்கட்டும், படிக்கிற பிள்ளை கையில இருக்கட்டும், டேட்டா அந்த ஒரு சிம்முக்கு போடுங்க. தோட்டத்துக்கு போற ஆளுக்கு பட்டன் போன். ரெண்டையும் ஒரே தட்டுல வச்சு எல்லாருக்கும் ரெண்டு ஜிபி விக்கறதுதான் அநியாயம்னு சொல்றேன்.

"முன்னூறு ரூபாய் ஒரு பிரியாணி காசு"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, பச்சை தேயிலை கிலோ பதினஞ்சுக்கும் பதினெட்டுக்கும் போன நாள்ல சொந்தமா அரை ஏக்கர் வச்சிருந்த எங்க சித்தப்பா உர மூட்டைய தூக்கி பாத்துட்டு திரும்ப வச்சுட்டு வந்ததை நான் கூட நின்னு பாத்திருக்கேன். உங்க பிரியாணி அளவுகோல எங்க மேல வைக்காதீங்க. இன்கமிங் ஃப்ரீ ஆனது 2003ல. அதுக்கு முன்னாடி கால் எடுத்தாலே காசு. அப்புறம் ஆயுசு முழுக்க இன்கமிங் வரும், லைஃப்டைம்னு சொல்லி மொத்தமா பணத்த வாங்கிக்கிட்டு, அதுக்கும் அப்புறம் மாசாமாசம் கட்டலேன்னா இன்கமிங்கும் கிடையாதுன்னு ஆச்சு. இத்தனைக்கும் நாங்க கட்டிட்டுதான் இருக்கோம். கட்டற காசுக்கு என்ன கிடைக்குதுன்னு கேட்டா வக்கில்லாதவங்களா?

அந்த ரப்பர் பேண்ட் எதுக்குன்னு கேட்டீங்களா யாராவது? பேட்டரி மூடி உடைஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஒரு தடவ சார்ஜ் போட்டா நாலு நாள் நிக்குது, சத்தம் தெளிவா கேக்குது, அவங்க வீட்டு அடுப்படியில டவர் எடுக்குது. அவங்க பொண்ணு திருப்பூர்ல இருந்து தினம் ராத்திரி எட்டு மணிக்கு கூப்பிடும், அதுக்குத்தான் அந்த போன். என் தையல் கடைக்கு ஜாக்கெட் தைக்க வரும்போது அவங்களே சொல்லியிருக்காங்க.

அந்த போட்டோவ எடுத்துருங்க. போட்டவர் யாருன்னு எனக்கு தெரியும், பேர் சொல்லல. இன்னைக்கு காலைல அந்த அக்கா தச்ச துணிய வாங்க வந்தாங்க. நடுவுல போன் அடிச்சுது. எடுத்து பேசாம, கடையில யார் யார் இருக்காங்கன்னு ஒரு தடவ சுத்தி பாத்துட்டு, முந்தானைக்குள்ள வச்சே கட் பண்ணிட்டாங்க.