சங்கம் வைக்கலாம், உட்கார்ந்து பேசத்தான் ஆள் வராது

ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதிவு செய்துவிடலாம் என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அது போய்விட்டது. ஆலையில் வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அதுகூடப் பெரிய தடையில்லை, ஆள் சேர்த்துவிடலாம். சான்றிதழை வாங்கி, கோரிக்கைப் பட்டியலை நிர்வாகத்துக்கு அனுப்பியதற்கு அப்புறம்தான் விவகாரமே. நிர்வாகம் பதில் போடாது. போட்டே ஆக வேண்டும் என்று 2025 நவம்பர் வரைக்கும் எந்த மத்தியச் சட்டமும் சொல்லவில்லை.

நான் பல வருஷம் பணியாளர் துறையில், அதாவது மேஜைக்கு நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்தவன். அதனால் இது எப்படி நடக்கிறது என்று தெரியும். புதிய சங்கத்திடமிருந்து கடிதம் வந்தால் வக்கீல் முதலில் சொல்வது, "சங்கத்தின் பெயருக்குப் பதில் எழுதிவிடாதீர்கள்." எழுதினால் அங்கீகரித்தது போல ஆகிவிடுமாம். தொழிலாளர் துறை அழைத்தால் அந்த அலுவலருக்கு மட்டும் பதில் எழுதுவோம். அதிலும் 'இந்தச் சங்கத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டதாக இதற்குப் பொருள் அல்ல' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு உறுத்துவதே அதுதான்.

இது எங்கே தொடங்கியது என்று பார்த்தால் சென்னையில்தான் போய் நிற்கும். 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாட்டிக் மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று போய், கடைசியில் மில்லை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. வேலையை நிறுத்தத் தூண்டினார் என்பதுதான் குற்றச்சாட்டு. இப்படி வழக்குப் போட்டால் நாட்டில் ஒருத்தரும் சங்கம் நடத்த முடியாதே என்ற கேள்வி எழுந்து, அதிலிருந்து வந்ததுதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். பிறந்த காரணத்துக்கு ஏற்ற மாதிரிதான் அதன் குணமும். சங்கத் தலைவர்களை வழக்கிலிருந்து காப்பாற்றியது, பதிவுக்கு வழி செய்தது. முதலாளி பேச வேண்டுமா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை.

1947இல் அதையும் யோசித்தார்கள். தொழிலாளர் நீதிமன்றம் உத்தரவிட்டால் நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது. நிறைவேறியதோடு சரி. கடைசி வரை அதை நடைமுறைக்கே கொண்டுவரவில்லை. தொழிலாளர் சட்டத்தைப் பற்றிப் பேசும் கூட்டங்களில்கூட இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு தவணை விட்டுப்போன மாதிரி எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அப்புறம் வந்ததெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. 1958இல் நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் ஓர் ஒழுக்க நெறி கொண்டுவந்தார்கள், அது விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற வகை. மகாராஷ்டிரம் 1971இல் அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டமே போட்டது. 30 சதவீத உறுப்பினர் இருந்தால் சங்கம் அங்கீகாரம் கேட்டு நீதிமன்றம் போகலாம். கேரளமும் பிற்பாடு ஒன்று கொண்டுவந்தது. இத்தனை ஆலை உள்ள தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. பழைய தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் 'அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தோடு நல்லெண்ணத்துடன் பேச மறுப்பது' முறையற்ற செயல் என்று எழுதியிருந்தது. வாசிக்க நன்றாக இருக்கும். அங்கீகாரமே கொடுக்காவிட்டால் அந்த வரி யாரைத் தொடும்?

இதில் வெளியே அதிகம் தெரியாத ஒரு வித்தை இருக்கிறது. ஆலை வட்டாரத்தில் '18(1)', '12(3)' என்பார்கள், அந்தப் பழைய சட்டத்தின் பிரிவு எண்கள் அவை. நிர்வாகமும் ஒரு சங்கமும் தங்களுக்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் அது 18(1) ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அதையே தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் போட்டால் 12(3). அது அந்த ஆலையில் இருக்கும் அத்தனை பேரையும் கட்டுப்படுத்தும். ஒப்பந்தத்துக்கு எதிராக இருந்தவரையும், அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவரையும், இனிமேல் வேலைக்குச் சேரப்போகிறவரையும் சேர்த்து. சட்டத்தின் நோக்கம் நல்லதுதான், ஒரே ஆலையில் ஆளுக்கொரு சம்பள ஒப்பந்தம் இருந்தால் குழப்பம். ஆனால் எந்தச் சங்கம் பெரும்பான்மை என்று தீர்மானிக்கும் வழி இல்லாத இடத்தில் இந்த ஏற்பாடு என்ன செய்யும்? நிர்வாகத்துக்கு அனுசரணையான ஒரு சிறிய சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போய் 12(3) போட்டுவிடலாம். நூறு பேர் உள்ள சங்கம் கையெழுத்துப் போட, ஆயிரம் பேர் மூன்று வருஷத்துக்கு அதற்குள் அடங்க வேண்டும். 'தொழிலாளர் கமிட்டி' என்று நிர்வாகமே ஒன்றை அமைத்து அதோடு பேசுவது இன்னும் சுலபமான வழி. கமிட்டி கேன்டீன், பஸ், சீருடை எல்லாம் பேசும். சம்பளம் பேசாது.

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலை விவகாரத்தை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம். பத்திரிகைகளில் சம்பளம் பற்றித்தான் அதிகம் வந்தது. முக்கியமான சண்டையோ சிஐடியு சார்புச் சங்கத்தைப் பதிவு செய்வதும், நிர்வாகம் அதோடு பேசுவதும். நடுவில் நிர்வாகம் சங்கத்தில் சேராத ஒரு பிரிவுத் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் போட்டது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரலாமா என்ற சர்ச்சையில் பதிவு இழுத்துக்கொண்டே போய், உயர் நீதிமன்றம் வரைக்கும் சென்று, 2025 ஜனவரியில்தான் முடிந்தது. அந்தத் தொழிலாளர்கள் அவசரப்பட்டார்கள், முதலீடு போய்விடும் என்று அப்போது எழுதியவர்களுக்கு ஒரு கேள்வி: பேச மறுக்கும் நிர்வாகத்தைப் பேசவைக்க, வேலையை நிறுத்துவதைத் தவிரச் சட்டம் அவர்களுக்கு வேறு என்ன வழி வைத்திருந்தது?

சரி, இப்போது புதிய சட்டம். 29 சட்டங்களைச் சுருக்கி நான்கு தொகுப்பு ஆக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அதில் தொழில் உறவுகள் தொகுப்பு முதல் தடவையாக 'பேச்சுவார்த்தைச் சங்கம்' என்று ஒன்றைக் கொண்டுவருகிறது. பல சங்கம் உள்ள இடத்தில் 51 சதவீத ஆதரவு உள்ளது பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லாவிட்டால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்களைச் சேர்த்து ஒரு பேச்சுவார்த்தைக் குழு. இந்தத் தொகுப்பில் எனக்குப் பிடிக்காதது நிறைய இருக்கிறது, ஆனால் இது 1947இல் விட்ட இடத்திலிருந்து ஓர் அடி முன்னால். இடதுசாரி நண்பர்கள் இதைக்கூட ஒத்துக்கொள்ள மறுப்பது எனக்குப் புரியவில்லை.

ஆனால் 51 சதவீதம், எதில்? அங்கேதான் சிக்கல். ஆலையின் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில். இன்றைக்கு ஒரு பெரிய ஆலைக்குள் காலை ஷிஃப்டுக்கு நுழைபவர்களை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்பார், பயிற்சித் தொழிலாளி என்பார், அப்ரெண்டிஸ் என்பார். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் காண்ட்ராக்டரின் பதிவேட்டில். அப்ரெண்டிஸ் சட்டப்படி சேர்ந்தவரை 'தொழிலாளி' என்ற வரையறையிலிருந்தே புதிய தொகுப்பு எடுத்துவிட்டது. பழைய தொழில் தகராறு சட்டத்தில் அப்ரெண்டிஸும் தொழிலாளிதான். ஒரே லைனில், ஒரே வண்டியில், ஒரே போல்ட்டை முடுக்குகிற மூன்று பேரில் ஒருவர்தான் கணக்கில் வருவார். அப்படிக் கணக்கெடுத்து வரும் பேச்சுவார்த்தைச் சங்கம் ஆலையில் பாதிப்பேருக்குக் கூடப் பேசாது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். 480ஐ நெருங்கும்போது ஆளை நிறுத்தி, கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்ப எடுப்பதைச் செய்யாத இடம் எனக்குத் தெரிந்து குறைவு.

ஒரு கையால் அங்கீகாரம் கொடுத்து மறு கையால் வேலைநிறுத்தத்தைப் பிடுங்கிக்கொண்டதும் இதே தொகுப்புதான். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு இப்போது எல்லா ஆலைக்கும், 14 நாள். அந்த 14 நாளுக்குள் சமரச அலுவலர் முதல் கூட்டத்தைப் போட்டுவிட்டால் சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. சமரசம் நடக்கும்போது வேலைநிறுத்தம் சட்டவிரோதம். அப்படியென்றால் சட்டப்படியான வேலைநிறுத்தம் நடக்குமா நடக்காதா என்பது அலுவலரின் டைரியில் இருக்கிறது. பாதிப்பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். ஆட்குறைப்புக்கும் ஆலையை மூடவும் அரசு அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆகிவிட்டது, அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நிர்வாகத்தில் இருந்தவன் இப்படிப் பேசலாமா என்று பழைய சகாக்கள் கேட்கிறார்கள். பேசத் தெரிந்த, பெரும்பான்மை உள்ள ஒரு சங்கம் இருக்கிற ஆலையில் வேலை பார்ப்பது நிம்மதி. ஒப்பந்தம் போட்டால் நிற்கும். மதியம் திடீரென்று கேன்டீனில் சாப்பாட்டைப் புறக்கணித்து உட்காரும்போது யாரோடு பேசுவது என்று தேட வேண்டியதில்லை. அங்கீகாரம் கொடுக்காமல் பத்து வருஷம் சமாளித்தேன் என்று பெருமை பேசுகிற ஹெச்.ஆர். தலைவர்கள், அந்தப் பத்து வருஷத்தில் எத்தனை தடவை லைன் நின்றது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

51 சதவீத ஆதரவை எப்படிச் சரிபார்ப்பது என்பதை விதிகளுக்கு விட்டிருக்கிறது சட்டம். தனியார் ஆலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த விதியை எழுதுவது மாநில அரசு. உறுப்பினர் படிவத்தை எண்ணிப் பார்ப்பது என்று எழுதினால் யார் எந்தச் சங்கம் என்ற பட்டியல் நேராக நிர்வாகத்தின் மேஜைக்கு வந்துவிடும், அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று எனக்குத் தெரியும். ரகசிய வாக்கெடுப்பு என்று எழுத வேண்டும். முடியாத காரியமில்லை, ரயில்வேயில் 2007, 2013, 2024 என்று மூன்று தடவை நடத்தியிருக்கிறார்கள். வாக்கெடுப்பு என்றதும் நிர்வாகங்களைப் போலவே சில பழைய சங்கத் தலைவர்களும் நெளிகிறார்கள். அவர்களும் எத்தனை வாக்கு வாங்குகிறார்கள் என்று பார்க்கத்தான் வேண்டும்.