முயலுக்குப் பிறகு நண்டு

ஊசிமருந்தில் காய்ச்சலூட்டும் நச்சு கலந்திருக்கிறதா என்று அறிய, முயலின் காதுச் சிரையில் அதைச் செலுத்தி மூன்று மணி நேரம் உடல் வெப்பத்தை அளந்துகொண்டிருந்த முறை பெரும்பாலும் கைவிடப்பட்டதை, விலங்குச் சோதனைகளுக்கான மாற்றுகளைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று சாதனையாகக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்த இடத்துக்கு வந்தது, அத்தகைய நச்சு பட்டால் உறைந்துவிடும் குதிரைலாட நண்டின் நீல நிற இரத்தம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. (பெயரில்தான் நண்டு, உறவு சிலந்தியோடு.) இரத்தம் எடுத்தபின் கடலில் திரும்ப விட்டாலும் அவற்றில் ஒரு பகுதி இறந்துவிடுகின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த இரத்தத்தில் நச்சை உணரும் புரதத்தை, நண்டின் மரபணுவைக் கொண்டு ஆய்வகத்திலேயே உருவாக்கும் வழியை 1990களில் கண்டறிந்திருந்தும், ஐரோப்பிய மருந்துத் தரநூலில் அதற்கெனத் தனிப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2021 ஜனவரியில்தான். மாற்று கையில் இருந்தும் ஒப்புதலுக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையே கட்டுரையாளர் விரிவாக ஆராய்ந்திருக்க வேண்டும்.